மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள்

சாலிகிராமத்துக் குருவம்மா மெஸ்ஸுக்கு வலம்புரி சினிமா விருதுக்காரர்கள் வர ஆரம்பித்தது எந்த வருஷம் என்பதில் அந்தச் சந்தில் இரண்டு கட்சி உண்டு. தெருவெல்லாம் வெள்ளம் நின்ற வருஷம் என்று ஒரு கட்சி, இல்லை, அதற்கு முன்பிருந்தே வந்துகொண்டுதான் இருந்தார்கள், நாம்தான் சாப்பாட்டைப் பார்த்தோமே தவிர ஆளைப் பார்க்கவில்லை என்று இன்னொரு கட்சி. ஆனால் முதலில் யார் வந்தது என்பதில் சண்டை கிடையாது. ஒரு மாசி மாதத்து மதியம், ஊரே கொண்டாடுகிற கதாநாயகர் ஒருவர் தேய்ந்த ரப்பர் செருப்போடு தன்னந்தனியாக உள்ளே வந்து, தொட்டியில் கை கழுவி, ஃபேனுக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "அக்கா, காரக்குழம்பு இருக்கா?" என்று கேட்டார். சுவரில் மாட்டியிருந்த டிவியில் அதே நேரம் அவர் வடநாட்டில் ஏதோ ஒரு படபூஜையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார், கீழே நேரலை என்று ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் டிவியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், அப்புறம் ரசம் வந்துவிட்டதால் இலையைப் பார்த்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் ஒரு பாடகி வந்தாள், ஒரு சண்டைப் பயிற்சியாளர் வந்தார், மூன்று கார் வைத்திருக்கும் ஓர் இயக்குநர் தோளில் தையல் விட்ட சட்டையோடு வந்து மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பங்குனி பிறந்து வலம்புரி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலை அறிவித்தபோது, ஒவ்வொரு பிரிவிலும் இருந்த ஐந்து பேரும் குருவம்மா மெஸ்ஸில் சாப்பிட்டுப் போனவர்களாகவே இருந்தார்கள். மெஸ்ஸில் தினமும் சாப்பிடும் லைட்மேன்களும் துணை நடிகர்களும் உதவி இயக்குநர்களும் இதைப் பெரிதாக வியக்கவில்லை. பேர் வரப்போகிறது என்றால் மனுஷனுக்கு அந்தப் பழைய பசி ஞாபகம் வரத்தானே செய்யும் என்றார்கள். அந்தப் பசிக்கு இந்தப் பக்கத்தில் வேறு எங்கே போவார்கள் என்றார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் தாங்கள் பட்டினி கிடந்த காலத்துச் சட்டையில்தான் வருவார்கள், அந்தக் காலத்து முகத்தோடுதான் வருவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். சாப்பிட்டுக் கை கழுவிப் பால்பூத் திருப்பம் வரைக்கும் நடந்து போவது தெரியும், அப்புறம் தெரியாது. அதே மதியம், அந்த ஆள் ஊட்டியிலோ ஹைதராபாத்திலோ எங்கே இருந்தாலும், எதிரே வைத்த சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "என்னமோ வயிறு நெறஞ்சிருக்கு" என்பார். இது தெரியவந்த பிறகு மாசி மாதம் வந்தால் கோடம்பாக்கம் முழுக்க ஒரு கலக்கம் பரவியது. பெரிய பெரிய நடிகர்கள் மதியம் பசித்தால் முகம் வாடினார்கள், பசிக்கிறது என்று வீட்டில் சொல்லவே கூச்சப்பட்டார்கள். ஓர் இசையமைப்பாளரின் மனைவி மெஸ்ஸுக்கே போன் போட்டு, "அவரு இன்னைக்குச் சாப்பாட்டத் தொடல, அங்க வந்தாராம்மா?" என்று கேட்டாள். வந்தார், அப்பளம் கூட ரெண்டு கேட்டு வாங்கினார் என்று குருவம்மா சொன்னதும் அந்த அம்மாள் போனிலேயே அழுதாள்.

சந்தும் அதற்கேற்ப மாறிக்கொண்டது. சலூன்காரர் மதிய இடைவேளையை மாற்றிவைத்தார். ஒரு வாரப் பத்திரிகை தன் நிருபரை மூலை மேசையில் நிரந்தரமாக உட்காரவைத்தது, அந்த நிருபர் மாசிக்கு மாசி பெருத்துக்கொண்டே போனார். ஒரு தயாரிப்பாளர் தன் மகனை, அவன் நடித்த படம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று, கிழிந்த சட்டை போட்டு அனுப்பிவைத்தார். குருவம்மா அவனைப் பார்த்ததும், "சட்டைய மட்டும் கிழிச்சா ஆச்சா ராசா" என்று சிரித்து, சோறு போட்டு அனுப்பினாள். இந்தப் பேச்சு தங்களை அவமானப்படுத்துவதாகத் தேர்வுக் குழு அறிக்கை விட்டது. அதே குழுவில் இருந்த ஒருவர், தாங்கள் யாரைத் தேர்ந்தெடுக்கப்போகிறோம் என்று தெரிந்துகொள்ள, தலையில் துண்டு போட்டுக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்து மோர்க்குழம்பு சாப்பிட்டார்.

பிறகு ஒரு வருஷம் இறந்துபோனவர் ஒருவர் வந்தார். ஒரு பாடலாசிரியர், ஆடியில் இறந்தவர், மாசியில் வந்து சுண்டைக்காய் வற்றல் கேட்டார். கடைசியாக எழுதிய பாட்டுக்காக அவர் பேர் பட்டியலில் வரப்போகிறது என்று சந்துக்கே புரிந்தது. யாரோ ஓடிப்போய்ச் சொல்லி அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்குவதற்குள் அவர் பால்பூத்தைத் தாண்டிவிட்டார். அந்த அம்மாள் அவர் உட்கார்ந்த பெஞ்சில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாரும் அந்தப் பெஞ்சில் இலை போடச் சொல்லவில்லை.

இந்தச் செய்திதான் எப்படியோ பட்டுக்கோட்டைக்குப் போய், பவுனாம்பாள் காதில் விழுந்தது.

பவுனாம்பாளின் ஒரே மகள் மேகலா படத்தொகுப்பாளர். எடுத்த படத்தை வெட்டி, ஒட்டி, படமாக்குகிற வேலை என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் பவுனாம்பாளுக்கு அது பிடிபடவில்லை. முதல்முதலாகத் தனியாக ஒரு படம் அவள் கைக்கு வந்தபோது ஐப்பசி மழை பிடித்திருந்தது. காய்ச்சலோடு வேலை செய்தாள், இன்னும் கொஞ்சம்தான் இன்னும் கொஞ்சம்தான் என்று இருட்டறையிலேயே கிடந்தாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டெங்கு முற்றிவிட்டிருந்தது. உடம்பு ஊருக்கு வந்தது. நடுவீட்டில் கிடத்தியிருந்த மகளின் வாயில் எல்லோரையும்போல் பவுனாம்பாளும் அரிசி போட்டாள். அதன் பிறகு அவள் உலை வைக்கும்போதெல்லாம், அரிசி களையும்போதெல்லாம், விரலிடுக்கில் அந்த ஈர அரிசி நிற்கும்போதெல்லாம், என் பிள்ளைக்குக் கடைசியாக நான் கொடுத்தது வேகாத அரிசி என்கிற நினைப்பு வந்துவிடும். அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரே ஒரு வேளை, வெந்த சோறு, அவள் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நிற்கவேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

மாசி பிறந்ததும் ஒரு துணிப்பையோடு மெஸ் வாசலில் வந்து நின்றாள். குருவம்மா சாத்தூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் போன பிறகு ஒண்டியாக மெஸ் நடத்துகிறவள், ஆளைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கியது.

"யாருக்காக வந்திருக்கீக மதினி?"

"மகளுக்காக."

"உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீக."

பவுனாம்பாள் அன்றைக்கே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். மூலை மேசை நிருபர்தான் சங்கடத்தோடு அவளிடம் விஷயத்தைச் சொன்னார். படத்தில் மேகலாவுக்கு நன்றி என்றுதான் போட்டிருக்கிறது, படத்தொகுப்பு என்று அவளோடு வேலை செய்த தனசிங் பேர்தான் இருக்கிறது, விருதுக்கும் அவன் பேரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள், அதனால் வந்தால் அவன்தான் வருவான். மாசி முடிவதற்குள் பேரை மாற்றி அனுப்பினால் உண்டு.

தனசிங்கைப் பவுனாம்பாளுக்குத் தெரியும். மகளின் உடம்போடு ஆம்புலன்ஸில் பட்டுக்கோட்டை வரைக்கும் வந்தவன், காரியம் முடியும்வரை பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வழி கேட்டு வடபழனியில் அவன் வேலை செய்யும் அறைக்குப் போனாள். அவன் பதறி எழுந்து நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான். அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"நானா போட்டுக்கலம்மா," என்றான் தனசிங். "புரொடியூசர்தான் சொன்னாரு. செத்துப்போனவங்க பேரப் போட்டா யாரு பேட்டி குடுப்பா, யாரு மேடைக்கு வருவான்னு."

"மேடைக்கு நீயே போ தம்பி. எனக்கு அதெல்லாம் தெரியாது. பேரு அனுப்புனா வருவாளாம். வந்தா ஒரு வாய் சோறு போடுவேன். அதுக்குத்தான் வந்தேன்."

அவன் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். "இத்தனை வருஷம் அடுத்தவங்களுக்கு அசிஸ்டெண்டாவே இருந்துட்டேன்மா. என் பேரு தனியா ஒரு படத்துல வந்தது இதான் மொதல் தடவை. நாகர்கோவில்ல எங்கப்பா தியேட்டர்ல உக்காந்து, அந்தப் பேரு வர்ற எடத்த மட்டும் போன்ல படம் புடிச்சு வச்சிருக்காரு. சர்ச்சுல எல்லாருக்கும் காட்டுறாரு. இப்பப் போயி நான் அவருகிட்ட என்ன சொல்ல?"

பவுனாம்பாள் டீயைக் குடித்து முடித்தாள். "உண்மைதான தம்பி. பெத்தவங்களுக்கு ஆசை இருக்கும்ல," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவன் ஆட்டோ ஏற்றிவிடுகிறேன் என்றான். நடந்தே போய்விடுவேன் என்றாள்.

அவள் ஊருக்குத் திரும்பவில்லை. மெஸ்ஸில் வெங்காயம் உரித்தாள், கீரை ஆய்ந்தாள், பிறகு பரிமாறவும் ஆரம்பித்தாள். தினமும் மதியம் யாராவது ஒருவர் தேய்ந்த செருப்போடு வந்து, சாப்பிட்டு, பால்பூத் திருப்பத்தில் காணாமல் போனார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் சோறு போடும்போது பவுனாம்பாள், நீ யார் பெத்த பிள்ளையோ என்று முகத்தைப் பார்ப்பாள், கேட்காமலேயே இன்னொரு கரண்டி போடுவாள். படத்தொகுப்புக்கு மட்டும் நான்கு பேர் வந்திருந்தார்கள், ஐந்தாவது ஆள் வரவில்லை.

ஐந்தாவது ஆளாக, உடம்பும் உயிருமாகவே, தனசிங் வந்தான். வழக்கமாகச் சாப்பிடுகிறவன்போல வந்து உட்கார்ந்தான். ஆனால் அவன் எதற்கு வருகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மதியம் பசிக்கிறதா இல்லையா என்று பார்க்க வருகிறான். அவனுக்குப் பசித்தது. மறுநாளும் வந்தான், பசித்தது. பவுனாம்பாள்தான் அவனுக்குப் பரிமாறினாள், கோழிக்குழம்பு வைத்த அன்று நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துப் போட்டாள், மற்றவர்களும் அவனைக் குத்திக்காட்டவில்லை. மெஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும், ஒரு நாள் மதியம் பசிக்காமல் போகாதா என்று ஏங்குவது என்ன என்பது தெரியும்.

ஒரு நாள் கூட்டம் குறைந்த பிறகு அவன் தலை நிமிராமல் கேட்டான். "என் மேல கோவமே இல்லையாம்மா ஒங்களுக்கு?"

"பசிச்சு வந்து ஒக்கார்ற பிள்ளை மேல என்னப்பா கோவம்," என்று அவள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்குறேன், சொல்றியா? அந்த ரூம்புல அவ என்னதான் செய்வா? அவ சொல்லச் சொல்ல எனக்கு ஒருநாளும் புரிஞ்சதில்ல. வெட்டுறதுங்குறா, ஒட்டுறதுங்குறா."

தனசிங் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தான். "படத்துல ஒரு வயசான மீன்காரரு வருவாரும்மா. மகன் கடல்ல போனவன் திரும்பலன்னு தெரிஞ்ச அன்னைக்கு, படகுல தனியா ஒக்காந்து, தூக்குவாளியில இருந்து பழையது சாப்பிடுவாரு. ரொம்ப நேரம் சாப்பிடுவாரு. டைரக்டரு பாதியில வெட்டுன்னாரு, புரொடியூசரு வெட்டுன்னாரு, நானும் சொன்னேன், ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க மேகலான்னு. அவ கேக்கவே இல்ல. 'அவரு சாப்பிட்டு முடிக்கட்டும் சார்'னு சொன்னா. நூறு தடவ சொன்னாலும் அதையேதான் சொன்னா. அவரு சாப்பிட்டு, வாளியக் கடல்ல கழுவி, மூடி போடுற வரைக்கும் விட்டிருக்கா."

பவுனாம்பாள் ரசப் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தியேட்டர்ல அந்த எடத்துலதாம்மா எல்லாரும் அழுறாங்க. வெளிய வந்து என் கையப் புடிச்சுக்கிறாங்க. பெரிய பெரிய ஆளுங்க போன் பண்ணி, அந்த எடத்துல வெட்டாம விட்டியே தம்பி, நீ கலைஞன்யான்னு..." அவன் கை இலையில் நின்றது. "நான் கடைசிப் பாட்டும் அதுக்கப்புறம் வர்ற கொஞ்சமும்தான் செஞ்சேன்மா. மத்தது பூராவும் அவ."

மோர் வாங்காமலேயே எழுந்து கை கழுவினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு போனான்.

தயாரிப்பாளர் அலுவலகத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு கத்தினார்கள், கையில் இருந்த அடுத்த படம் தனசிங்குக்கு இல்லையென்று ஆகிவிட்டது, ஆனாலும் அவன் வெளியே வரும்போது பேரை மாற்றி அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று மூலை மேசை நிருபர் வந்து சொன்னார். அவர் அதைப் பத்திரிகைக்கு எழுதவில்லை.

அன்றிலிருந்து குருவம்மா ஓர் அடுப்பைப் பவுனாம்பாளுக்கு விட்டுக்கொடுத்தாள். மேகலாவுக்கு முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். எந்த நாள் வருவாள் என்று தெரியாததால் பவுனாம்பாள் தினமும் அதையே வைத்தாள். லைட்மேன்களும் துணை நடிகர்களும் தினமும் கருவாட்டுக் குழம்பே சாப்பிட்டார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, கருவாடு ஆகாத சலூன்காரர் மட்டும் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் மெஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாசி தேய்ந்துகொண்டே வந்தது. பவுனாம்பாள் குழம்பைச் சூடு பண்ணிப் பண்ணி வைத்தாள்.

மாசி முடியப்போகிற ஒரு மதியத்தில் மேகலா வந்தாள். சென்னைக்கு முதன்முதலில் வந்தபோது எடுத்த மஞ்சள் சுடிதார், ஒரு பென்சிலால் சுருட்டிச் செருகிய கொண்டை, தோளில் பை. கை கழுவிவிட்டு, எங்கே இடம் என்று பார்த்தாள். மூலை மேசை நிருபர் தன் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவள் அங்கே உட்கார்ந்தாள். யாரோ டிவியை அணைத்தார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள்கூடக் கை காய உட்கார்ந்திருந்தார்கள்.

குருவம்மா சோற்றுப் பாத்திரத்தைப் பவுனாம்பாள் கையில் கொடுத்து, "போங்க மதினி," என்றாள்.

பவுனாம்பாள் போய்ச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். மேகலா நிமிர்ந்து பார்த்தாள், பரிமாறுகிற ஓர் அம்மாளைப் பார்க்கிற பார்வைதான், வேறொன்றும் இல்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அம்மா, கொழம்பு நல்லாருக்கும்மா," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா."

அந்த ஊரில் பரிமாறுகிற எந்த வயசான பெண்ணையும் யாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பவுனாம்பாள் ஊற்றினாள்.

"மெதுவா சாப்பிடும்மா."

"நேரமில்லம்மா. ரூம்ல வேலை அப்படியே கெடக்கு."

"கெடக்கட்டும். சாப்பிட்டு முடி."

மேகலா சிரித்தாள். அப்புறம் நிஜமாகவே மெதுவாகச் சாப்பிட்டாள். முருங்கைக்காயை ஒன்றுவிடாமல் சப்பி ஓரமாக அடுக்கினாள். இரண்டாம் முறை சோறு வாங்கினாள். ரசம் வாங்கினாள், மோர் வாங்கி உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். பவுனாம்பாள் பக்கத்திலேயே நின்றாள். மகளின் நெற்றியில் வேர்த்திருந்ததைப் பார்த்தாள், காதோரம் பறந்த முடியைப் பார்த்தாள், இடதுகை நகத்தை இன்னும் கடிக்கிறாள் என்று பார்த்தாள். தொடவில்லை. பேர் சொல்லவும் இல்லை. பேர் சொன்னால் அவள் வேறு பக்கம் திரும்பிவிடுவாள் என்று அவளுக்குப் பயம்.

மேகலா இலையை மூடிவிட்டு எழுந்தாள், கை கழுவித் துப்பட்டாவில் துடைத்தாள். "வர்றேம்மா," என்றாள்.

"வா," என்றாள் பவுனாம்பாள்.

வாசல் வரைக்கும் கூடப் போனாள். மஞ்சள் சுடிதார் சந்தில் நடந்து, சலூனைத் தாண்டி, பால்பூத் வரைக்கும் தெரிந்தது, அப்புறம் வெயில் மட்டும் தெரிந்தது. உள்ளே ஒரு லைட்மேன் முகத்தை இலைக்கு மேல் குனிந்துகொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பவுனாம்பாள் திரும்பி வந்து, மகள் சாப்பிட்ட இலையைத் தானே எடுத்தாள், மேசையைத் துடைத்தாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, குருவம்மா போட்ட சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு வேளைச் சோறு அவள் முழுதாகச் சாப்பிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள்.

பங்குனியில் பட்டியல் வந்தது, மேகலாவின் பேர் இருந்தது. விருது விழா சித்திரையில் நடந்தது. மெஸ்ஸில் எல்லோரும் டிவி முன் உட்கார்ந்திருந்தார்கள், தனசிங்கும் இருந்தான். ஐந்து பேரின் படங்களும் திரையில் வந்தன, மேகலா பென்சில் செருகிய கொண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உறையைப் பிரித்து வேறொருவர் பேரைப் படித்தார்கள். குருவம்மா எழுந்துபோய் அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

தனசிங் வெளியே வந்து பால்பூத் பக்கம் நின்று பவுனாம்பாளுக்குப் போன் செய்தான்.

"அம்மா, டிவி பாத்தீங்களா?"

"இல்லப்பா. பக்கத்து வீட்டுல விசேஷம், பந்தியில பரிமாறப் போயிட்டேன். இப்பதான் வந்தேன். என்ன ஆச்சு?"

"நமக்குக் கெடைக்கலம்மா."

"அப்புறம் யாருக்குக் குடுத்தாங்க?"

"பரமக்குடிக்காரர் ஒருத்தரு. ரொம்ப வருஷமா வேலை செய்யுறவரு."

"அவருக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. சக்கர நாற்காலியில கூட்டிட்டு வந்திருந்தாரு. கீழ எறங்கி வந்து அவங்க மடியிலதான் விருத வச்சாரு."

அந்தப் பக்கம் விசேஷ வீட்டில் நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பச் சரி," என்றாள் பவுனாம்பாள்.

தனசிங் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.